நிலையம் புதுசு, வண்டி எத்தனை?

சுந்தரபாண்டியத்தில் ரெயில் நிலையம் கிடையாது. தண்டவாளமும் கிடையாது.

விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்கு அருகே உள்ள ஊர் அது. மேற்கே பார்த்தால் மலை. சுற்றிலும் வயல். தெருவுக்குள் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும்.

அங்கிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பஸ் ஏறவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேர் பஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, மெயின் ரோட்டில் நின்று, வேறு பஸ் பிடிக்கவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாலும் ரெயில் நிலையம் ஊருக்குச் சற்று ஒதுங்கி இருக்கிறது. ஆகவே ஓர் ஆட்டோ. அதன் பிறகுதான் ரெயில்.

மூட்டை முடிச்சோடு, கைக்குழந்தையோடு, முழங்கால் வலிக்கும் மாமியாரோடு இப்படி ஏறி இறங்குவது எளிதான காரியம் அல்ல. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மத்திய சர்க்கார் 2025-26 பட்ஜெட்டில் ரெயில்வேக்கு ஒதுக்கிய தொகை இரண்டரை லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். லட்சம் அல்ல, கோடி அல்ல, லட்சம் கோடி! இவ்வளவு பெரிய பணம் செலவாகும்போது, அந்தக் குடும்பத்தின் பிரயாணம் எவ்வளவு சுலபமாகிறது? கேட்கவேண்டிய கேள்வி இதுதான். ரெயில் திட்டத்தை டெல்லியிலிருந்து பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். சுந்தரபாண்டியத்திலிருந்து பார்க்கவேண்டும்.

ஜனம் ஆறு மடங்கு

திட்டம் ஏன் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. கணக்கைப் பார்த்தால் போதும்.

1950-51-ல் இந்தியாவில் சுமார் 53,600 கிலோமீட்டர் ரெயில் பாதை இருந்தது. அந்த ஓர் ஆண்டில் ரெயில் ஏறியவர்கள் சுமார் 128 கோடி. 2018-19-ல் பாதை சுமார் 67,400 கிலோமீட்டர். ஏறியவர்களோ சுமார் 844 கோடி!

ஜனம் ஆறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. பாதை கூடியதோ கால் பங்கு. வண்டிகளை நீளமாக்கியும், ஒரு தண்டவாளம் இருந்த இடத்தில் இரண்டு போட்டும் சமாளித்தார்கள். எங்கே இரண்டாவது தண்டவாளம் விழவில்லையோ, அங்கே ஜனங்கள்தான் சமாளித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இந்த நெருக்கடியைத் தீர்க்கத்தான் தேசிய ரெயில் திட்டம் ஒன்று தீட்டப்பட்டது. 2020 டிசம்பரில் அதன் வரைவு வெளிவந்தது. 2030-க்குள் பாதை, பாலம், வண்டி எல்லாவற்றையும் பெருக்கி, 2050 வரை வரக்கூடிய கூட்டத்துக்கும் சரக்குக்கும் போதும்படி செய்துவிடவேண்டும் என்பது அதன் நோக்கம். நாட்டில் போகும் சரக்கில் நூற்றுக்கு 27 பங்கு ரெயிலில் போகிறது. அதை 45 பங்காக உயர்த்தவேண்டும் என்கிறது திட்டம்.

வடக்கே சரக்கு ரெயிலுக்கு என்றே தனிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டருக்குப் புல்லட் ரெயில் பாதை போடுகிறார்கள். போடட்டும். லாரியில் போகும் சரக்கு ரெயிலுக்கு மாறினால் டீசல் மிச்சமாகும். ரோட்டில் விபத்தும் குறையும்.

ஆனால் தனிச் சரக்குப் பாதை தமிழ்நாட்டுக்குள் இன்னும் வரவில்லை. புல்லட் ரெயிலும் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் வந்து சேர்ந்தது என்ன?

கொல்லம் மெயில் போன பாதை

விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாகத் தென்காசி போகும் பாதை 1927-ல் திறக்கப்பட்டது. சுமார் 120 கிலோமீட்டர் தூரம். செங்கோட்டை தாண்டி மலையைக் குடைந்து கொல்லம் போகும் பாதை அதற்கும் முன்பே, 1904-ல் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்ததும் சென்னை எழும்பூரில் ஏறியவர் ராஜபாளையம் வழியாகக் கொல்லத்தில் இறங்க முடிந்தது. அந்தக் கொல்லம் மெயிலை இன்றும் பெரியவர்கள் மறக்கவில்லை.

அப்போது அது மீட்டர் கேஜ். அதாவது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலம். அகலப் பாதை என்றால் ஐந்தரை அடி. பாதை குறுகலாக இருந்தால் வண்டியும் சின்னது, வேகமும் குறைவு. அதோடு, ஓர் அகலப் பாதை வண்டி மீட்டர் கேஜ் பாதையில் ஏறவே முடியாது. எங்கே அகலம் மாறுகிறதோ அங்கே ஜனமும் இறங்கவேண்டும், சரக்கும் இறங்கவேண்டும்.

நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டம் 1992-ல் தொடங்கியது. விருதுநகர்-தென்காசி பாதை 2004-ல் அகலமாகி முடிந்தது. அதே ஆண்டு பொதிகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. செங்கோட்டைக்கு அப்பால் மலைப் பாதைக்குத்தான் கஷ்டகாலம். 2010-ல் மூடினார்கள். குகையையும் பாலத்தையும் பெரிதாக்கி முழுப் பாதையையும் திறந்தபோது 2018 ஆகிவிட்டது. எட்டு வருஷம்! அண்மை ஆண்டுகளில் மின்சாரக் கம்பியும் வந்துவிட்டது.

இவை எல்லாம் சர்க்கார் செய்த நல்ல காரியங்கள். மறுக்கக்கூடாது. சென்னையில் ஏறியவர் இடையில் மாறாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குகிறார் என்றால் அது இந்தத் திட்டங்களால் வந்த பலன்.

ஒற்றைத் தண்டவாளம்

அப்படியானால் குறை எங்கே?

சென்னையிலிருந்து மதுரை, விருதுநகர், திருநெல்வேலி வழியாக நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை போட்டுவிட்டார்கள். கடைசித் துண்டு வேலை 2024-ல் முடிந்தது. ஆனால் விருதுநகரில் மேற்கே திரும்பிச் சிவகாசிப் பக்கம் போனால், அங்கிருந்து ஒற்றைப் பாதைதான்.

ஒற்றைப் பாதை என்றால் என்ன? ஒரே வரப்பு, இரண்டு பக்கமிருந்தும் ஆள் வருகிறார்கள். ஒருவர் ஒதுங்கி நின்றால்தான் மற்றவர் போகலாம். செங்கோட்டையிலிருந்து ஒரு வண்டி வரும்போது விருதுநகரிலிருந்து வரும் வண்டி ஏதாவது ஒரு நிலையத்தில், பக்கத்துத் தண்டவாளத்தில், ஒதுங்கிக் காத்திருக்கவேண்டும். எதிர்வண்டி பத்து நிமிஷம் தாமதம் என்றால் இந்த வண்டியும் தாமதம். இந்த வண்டி தாமதம் என்றால் அடுத்த நிலையத்தில் காத்திருக்கும் மூன்றாவது வண்டியும் தாமதம்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது. "ஏன் சும்மா நிற்கிறான்?" என்று டிரைவரைத் திட்டுவார். டிரைவர் என்ன செய்வார், பாவம்!

இப்படிப்பட்ட பாதையில் புதிது புதிதாக வண்டி விடச் சொன்னால் ரெயில்வே அதிகாரிகள் யோசிக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இடம் இருந்தால்தானே விடலாம்? அதே அதிகாரிகளிடம் இரட்டைப் பாதை கேட்டால், "இந்தப் பாதையில் அவ்வளவு போக்குவரத்து இல்லையே" என்ற பதில் வருவது ரெயில்வேயின் பழைய வழக்கம். வண்டி குறைவு, அதனால் போக்குவரத்துக் குறைவு. போக்குவரத்துக் குறைவு, அதனால் பாதை இல்லை. பாதை இல்லை, அதனால் வண்டி இல்லை! இந்த வட்டத்தை யாராவது ஓர் இடத்தில் வெட்டவேண்டும். சர்க்கார்தான் வெட்டவேண்டும்.

இந்தப் பக்கத்தில் போக்குவரத்து இல்லை என்று யார் சொல்வது? சிவகாசியில் தீப்பெட்டி, அச்சுத் தொழில். (பட்டாசும்தான். ஆனால் பட்டாசை ரெயிலில் கையோடு எடுத்துப் போகக்கூடாது. சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை கிடைக்கலாம். தீபாவளிக்கு ஊர் திரும்புகிறவர்கள் கவனிக்க!) ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோவில். ஆடிப்பூரத் தேர் என்றால் ஊர் கொள்ளாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா அங்கேதான். சுந்தரபாண்டியத்துக்கு அடுத்த வத்திராயிருப்பைத் தாண்டினால் சதுரகிரி மலை. ஆடி அமாவாசைக்கு ஜனக்கடல். ராஜபாளையத்தில் நூல் மில். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. கிருஷ்ணன்கோவிலில் பல்கலைக்கழகம், அதில் படிக்க ஆந்திராவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். இவ்வளவு பேரும் நடந்தா வருகிறார்கள்? பஸ்ஸில் வருகிறார்கள். வாடகைக் காரில் வருகிறார்கள். ரெயில்வேக்கு வரவேண்டிய பணம் ரோட்டில் போகிறது.

எல்லாம் ராத்திரி வண்டி

சென்னைக்குப் போக இந்தப் பாதையில் பேர்பெற்ற வண்டிகள் பொதிகை, சிலம்பு, கொல்லம் எக்ஸ்பிரஸ். மூன்றும் ராத்திரிப் பிரயாணம்.

ராத்திரி ஏறி, காலையில் இறங்குவது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. சந்தேகம் இல்லை. ஆனால் ராத்திரி வண்டியில் போகவேண்டும் என்றால் படுக்கை வேண்டும். படுக்கை வேண்டும் என்றால் முன்பதிவு வேண்டும். முன்பதிவு 60 நாளைக்கு முன்னே திறக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திறந்த சில நிமிஷங்களில் டிக்கெட் தீர்ந்துவிடும். கம்ப்யூட்டரும் நல்ல போனும் வைத்திருக்கிற பையன்கள் பட்டனைத் தட்டி வாங்கிவிடுகிறார்கள். தறியில் உட்கார்ந்திருக்கிறவர் அறுபது நாளைக்கு முன்னே எந்த நிமிஷத்தில் எந்தப் பட்டனைத் தட்டுவார்?

அவருக்கு மிச்சம் இருப்பது பொதுப் பெட்டி. ராத்திரி முழுவதும் நின்றுகொண்டு, அல்லது கழிப்பறை ஓரம் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, சென்னை போய்ச் சேரவேண்டும். பெண்கள், பிள்ளைகள் இருந்தால் அதுவும் முடியாது.

பகல் வண்டி என்றால் இந்தக் கஷ்டத்தில் பாதி குறையும். பகலில் படுக்கை தேவை இல்லை. உட்கார இடம் கிடைத்தால் போதும். ஒரு பெட்டியில் இன்னும் அதிகம் பேர் போகலாம். கட்டணமும் குறைவு. மதுரைக்காரர்களுக்கு 1977 ஆகஸ்ட் 15 முதல் வைகை எக்ஸ்பிரஸ் என்ற பகல் வண்டி இருக்கிறது. அது வந்த பிறகு, காலையில் மதுரையில் இட்லி தின்றவர் பொழுது சாய்வதற்குள் சென்னையில் காப்பி குடிக்கலாம் என்று ஆனது. செங்கோட்டையிலிருந்து ராஜபாளையம் வழியாக அப்படி ஒரு வைகை ஏன் கூடாது?

"வந்தே பாரத் இருக்கிறதே!" என்று சிலர் சொல்லலாம். 2023 செப்டம்பரில் திருநெல்வேலி-சென்னை வந்தே பாரத் தொடங்கியது உண்மை. அது விருதுநகரில் நிற்பதும் உண்மை. ஆனால் அது காலை வண்டி. சுந்தரபாண்டியத்துக்காரர் அதைப் பிடிக்கவேண்டும் என்றால் இருட்டிலேயே வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும். அதில் எல்லாப் பெட்டியும் குளிர்சாதனம். முன்பதிவு இல்லாமல் ஏறக்கூடிய பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. நல்ல வண்டி, வேகமான வண்டி, சுத்தமான வண்டி. நெசவாளியின் மடிக்கு எட்டாத வண்டி.

பத்து ரூபாயும் முப்பது ரூபாயும்

சென்னை மாத்திரம் ரெயில் பிரயாணம் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிச் சிவகாசியில் இறங்குகிறவர், ராஜபாளையத்தில் ஏறித் தென்காசியில் இறங்குகிறவர், காய்கறிக் கூடையோடு ஏறுகிற பாட்டி, எல்லாரும் பிரயாணிகள்தான். அவர்களுக்கு வேண்டியது பாசஞ்சர் வண்டி.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நாடு முழுவதும் ரெயில்கள் நின்றன. பிறகு எக்ஸ்பிரஸ்கள் திரும்பின. பாசஞ்சர்களை நெடுநாள் விடவில்லை. விட்டபோது பல வண்டிகளுக்கு "எக்ஸ்பிரஸ்" என்று பெயரை மாற்றிவிட்டார்கள். வண்டி அதே வண்டி. நிற்கும் நிலையங்களும் ஏறக்குறைய அவையே. குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் பத்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாய்!

2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணத்துக்குத் திரும்பினார்கள். நடுவில் சுமார் மூன்று வருஷம் ஏழைகள் மூன்று மடங்கு கொடுத்தார்கள், அல்லது பஸ்ஸுக்குப் போனார்கள். கூலிக்குப் போகிறவருக்குத் தினம் இருபது ரூபாய் கூடுதல் என்றால், போய்வர நாற்பது. மாதம் ஆயிரம் ரூபாய் பக்கம் ஆகிறது. ஒரு வீட்டின் அரிசிச் செலவு அது.

பிரயாணி ஒருதரம் பஸ்ஸுக்குப் பழகிவிட்டால் சுலபத்தில் ரெயிலுக்குத் திரும்பமாட்டார். மதுரை-போடி பாதையே சாட்சி. சுமார் 90 கிலோமீட்டர். மீட்டர் கேஜை அகலமாக்குவதற்காக 2011 தொடக்கத்தில் நிறுத்தினார்கள். தேனி வரை வண்டி வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது! திட்டம் தீட்டுகிறவர்கள் எவ்வளவு பணம் என்று சொன்னால் மட்டும் போதாது. எத்தனை நாள் என்றும் சொல்லவேண்டும். சொன்ன நாளில் முடிக்கவும் வேண்டும்.

புது நிலையம்

இப்போது நாடு முழுவதும் 1,300-க்கு மேற்பட்ட நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ருத் பாரத் திட்டம் நடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நல்ல முகப்பு, நல்ல வெளிச்சம், காத்திருக்க இடம், கழிப்பறை.

வேண்டாம் என்று சொல்வாரில்லை. முக்கியமாகக் கழிப்பறையும் குடிதண்ணீரும். ரெயில் நிலையத்தில் சுத்தமான கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே பிரயாணம் செய்கிற பெண்கள் எத்தனை பேர்! வயதானவர்களுக்கு லிப்ட் வைத்தால் அதுவும் புண்ணியம்.

ஆனால் முகப்புக்கு வர்ணம் பூசுவது சீக்கிரம் முடியும், போட்டோவில் நன்றாக விழும், திறப்புவிழா வைக்கலாம். எதிர்வண்டி ஒதுங்கப் பக்கத் தண்டவாளம் போடுவதும், சிக்னலைத் திருத்துவதும், பழைய பாலத்தைப் பலப்படுத்துவதும் யார் கண்ணிலும் படாத வேலைகள். அவற்றுக்கு ரிப்பன் வெட்டுவார் இல்லை.

கண்ணில் படாத வேலை எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாடு ஒரு கொடிய ராத்திரியில் தெரிந்துகொண்டது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் ரெயில் பாலம் உடைந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்டார். தெற்கே போகிற குடும்பங்கள் ஏறிய வண்டி அது.

ஆகவே ராஜபாளையம் பாதையில் எந்த வேலைக்கு முதலிடம் என்றால், தண்டவாளத்துக்கு. விருதுநகர் முதல் தென்காசி வரை முழுவதும் இரட்டைப் பாதை இன்றைக்கே கிடைக்காது. நிலம் எடுக்கவேண்டும். அதற்கு மாநில சர்க்காரின் ஒத்துழைப்பு வேண்டும். பல வருஷம் ஆகும். சரி, முதலில் விருதுநகர்-ராஜபாளையம் பகுதியை எடுத்துக்கொள்ளட்டும். நெரிசலும் வியாபாரமும் அங்கேதான் அதிகம். அதுவரை, வண்டிகள் ஒதுங்கும் வசதியைக் கூடுதலான நிலையங்களில் செய்யட்டும். செலவு குறைவு. பலன் உடனே தெரியும். அதை வைத்து ஒரு பகல் வண்டியும், காலையிலும் மாலையிலும் கூடுதலாக ஒரு பாசஞ்சரும் விடலாம்.

முன்பெல்லாம் ரெயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. பிப்ரவரி வந்தால் போதும்; எந்த ஊருக்குப் புது வண்டி என்று ஜனங்கள் ரேடியோவில் காதை வைத்துக் கேட்டார்கள். வண்டி கிடைக்காத ஊரின் எம்.பி.யை மறுநாளே பிடித்துக்கொள்வார்கள். 2017 முதல் ரெயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டோடு சேர்ந்துவிட்டது. மொத்தத் தொகை ஒரு வரியில் வருகிறது. எந்தப் பாதைக்கு எவ்வளவு என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். எம்.பி.க்களுக்கும் இது சௌகரியமாகப் போய்விட்டது என்று தோன்றுகிறது.

நிலையத்துக்கு வெளியே

இத்தனையும் செய்தாலும் சுந்தரபாண்டியத்துக்குத் தண்டவாளம் வரப்போவதில்லை. எல்லா ஊருக்கும் ரெயில் வராது. மதுரைக்கு அவசரமாகப் போகவேண்டும் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பஸ்தான் சௌகரியம். ரெயில் விருதுநகரைச் சுற்றிக்கொண்டு போகிறது.

ஆனால் தூரப் பிரயாணத்துக்கு ரெயில் வேண்டும். ரெயிலுக்குப் போய்ச்சேரப் பஸ் வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை. ரெயில் மத்திய சர்க்காருடையது. பஸ் மாநில சர்க்காருடையது. ரெயில் நேரத்தைப் போடுகிறவர் பஸ் நேரத்தைப் பார்ப்பதில்லை. பஸ் நேரத்தைப் போடுகிறவர் ரெயில் நேரத்தைப் பார்ப்பதில்லை. நடுவில் ஆட்டோக்காரருக்கு அதிர்ஷ்டம்.

விடிகாலையில் சென்னை வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்களில் சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கூமாப்பட்டிக்காரர்கள் இருப்பார்கள். நிலைய வாசலில் "வத்திராயிருப்பு" என்று போர்டு போட்ட ஒரு பஸ், வண்டி தாமதமானாலும் காத்திருந்து, அவர்களை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். மாலையிலும் அதே மாதிரி, சென்னை வண்டிக்கு அரைமணி முன்னதாக நிலைய வாசலில் கொண்டுவந்து விடவேண்டும். இதற்கு நிலம் எடுக்கவேண்டாம். பாராளுமன்றத்தில் அனுமதி வாங்கவேண்டாம். ஸ்டேஷன் மாஸ்டரையும் பஸ் டெப்போ மானேஜரையும் கலெக்டர் ஒருநாள் தம் அறைக்குக் கூப்பிட்டு, இரண்டு கால அட்டவணையையும் ஒரே மேஜையில் விரித்து வைத்தால் போதும்.